மூடிகள் போன இடம்

பலகைகள் வந்து இறங்கிய அன்று ஆபீசில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். சுரண்டிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். மேசை, நாற்காலி, அலமாரி என்று வடிவமைப்பது அவள் தொழில். புதிதாக எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் நகத்தால் சுரண்டுவாள். அப்புறம் முகர்ந்து பார்ப்பாள். யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து ஓரத்தைக் கடித்தும் பார்ப்பாள். மூங்கில் பலகை என்று கொண்டுவந்ததில் பாதி மரத்தூள் என்றும், தண்ணீரில் கரைத்த வர்ணம் என்று சொன்னதில் மண்ணெண்ணெய் நெடி என்றும் அவள் கண்டுபிடித்த பிறகு, ஆபீசில் யாரோ வேடிக்கையாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை சாமான் போடும் வியாபாரி ஒருவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, இந்த அம்மா கமிஷன் கேட்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்து, ஓரமாகக் கூப்பிட்டுப் பேரம் பேசியிருக்கிறார். அன்று முழுவதும் ஆபீஸ் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது.

இந்த முறை வேலை ஒரு பொது நூலகத்துக்கு. குழந்தைகள் பகுதிக்குத் தாழ்வான மேசைகள், முக்காலிகள், புத்தக அலமாரிகள். எல்லாவற்றையும் தூக்கி எறிந்த பாட்டில் மூடிகளை உருக்கி அழுத்திய பலகையில் செய்வதாக ஏற்பாடு. யோசனை சுரண்டியுடையது. நூலக வாசலில் ஒரு பெரிய தொட்டி வைத்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் மூடி பொறுக்கிக்கொண்டு வந்து அதில் போட்டார்கள். "இதெல்லாம்தான் நீங்க உட்காரப் போற முக்காலி" என்று நூலகர் அம்மா அவர்களிடம் சொல்லியிருந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? நடந்துகொண்டிருக்கும் அப்பாவின் கையை உதறிவிட்டுச் சாக்கடை ஓரம் பாய்கிற அளவுக்கு மூடி பொறுக்கும் பைத்தியம் வளர்ந்துவிட்டது. தொட்டி நிரம்ப நிரம்பச் சாக்கில் கட்டிப் பலகை செய்யும் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பட்டறை சுரண்டியின் நாத்தனாருடையது. கணவனின் அக்கா. முன்பு வாளியும் குடமும் வார்க்கும் கம்பெனியில் மேற்பார்வை பார்த்தவள். கம்பெனியை மூடியதும், இரும்புக்கடையில் கிடந்த பழைய அழுத்து மெஷின் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, ஒரு தகரக் கொட்டகையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே சுரண்டிதான்.

வந்த பலகைகளைச் சுரண்டி சுவரோரமாக வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். பால் வெள்ளையில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று பொட்டுப் பொட்டாக, பார்க்க அவ்வளவு லட்சணம். ஆனால் முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் கடுகளவு வித்தியாசம் இல்லை. பொட்டுகள்கூட ஒன்றையொன்று இடிக்காமல் இடம் விட்டு நின்றன. எந்தெந்த வீட்டிலிருந்தோ, எந்தெந்தத் தெருவிலிருந்தோ வந்த மூடிகள். குப்பைக்கு இவ்வளவு ஒழுக்கம் எங்கிருந்து வந்தது?

குனிந்து முகர்ந்தாள். என்னதான் கழுவினாலும் பழைய மூடிக்குள் ஒரு வாசனை தங்கியிருக்கும். சோப்பு, புளித்த பால், சர்க்கரைத் தண்ணீர், ஏதாவது ஒன்று. இதில் எதுவும் இல்லை. கடையில் உறை பிரித்த புதுப் பொம்மை போல இருந்தது.

ஒரு துண்டை வட்ட ரம்பத்தில் கொடுத்து அறுத்தாள். ஆரம்பத்தில் சோதனைக்கு வந்த பலகையை அறுத்தபோது உள்ளே இருந்த மணல் துகள் பட்டு ரம்பம் கிறீச்சிட்டது, பல் மழுங்கியது, அறுத்த இடத்தில் லேபிள் துணுக்கு ஒன்று மினுங்கியது. இது சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

பின்னால் முதலாளி வந்து நின்றார். நல்ல மனுஷன், நல்ல ரசனை, எதையும் இரண்டாம் தடவை கேட்கப் பிடிக்காதவர்.

"என்னம்மா, பாத்தீங்களா? என்ன ஃபினிஷிங்! உங்க நாத்தனார் கலக்கிட்டாங்க."

"ரொம்ப நல்லா இருக்கு சார். அதான் உதைக்குது."

"நல்லா இல்லைன்னாலும் உதைக்கும், நல்லா இருந்தாலும் உதைக்குமா? நீங்க வீட்டுலயும் இப்படித்தானா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போகிற போக்கில் அவர் அந்தப் பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதையும் அவள் மனம் குறித்து வைத்துக்கொண்டது.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்காது. அன்று முழுவதும் அது வீடு வீடாக ஏறி இறங்கியது. சாக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரன் வழியிலேயே எங்காவது தள்ளிவிட்டானோ? நாத்தனார் மூடிகளை வேறு யாருக்கோ விற்றுவிட்டாளோ? முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ? எல்லோரும் சேர்ந்து தன்னை மட்டும் முட்டாளாக வைத்திருக்கிறார்களோ?

நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஷீட் வந்துடுச்சு. சூப்பரா இருக்கு. நான் ஒரு தடவை வந்து மூடி கழுவறது, அரைக்கறது எல்லாம் போட்டோ எடுத்துக்கவா? லைப்ரரில மாட்டலாம்."

"இப்ப எதுக்கு? மெஷின் பிரிச்சுப் போட்டிருக்கு. நான் சொல்றேன், அப்ப வா."

"சும்மா கழுவற இடத்தை மட்டும்..."

"சொல்றேன்னு சொன்னேன்ல." போன் வைக்கப்பட்டது.

சாதாரணமாக நாத்தனார் போனை எடுத்தால் கீழே வைக்க மாட்டாள். பிள்ளை சாப்பிட்டானா, முட்டி வலி எப்படி இருக்கிறது, உன் புருஷன் இன்னும் ஈரத் துண்டைக் கட்டில்மேல்தான் போடுகிறானா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விடுவாள். இன்று ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தாள்.

"உங்க அக்கா பட்டறை எப்படிப் போகுதாம்?"

தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியை நிறுத்தினான். "ஏன், நல்லாத்தான் போகுது. என்ன திடீர்னு?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீ சும்மா எதுவும் கேக்க மாட்டியே."

விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க அக்காவையா சந்தேகப்படற? உனக்கு எல்லாரும் திருடங்களாத்தான் தெரிவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட முகர்ந்து பாத்தியான்னு தெரியல."

"பாத்தேன். அதான் கட்டிக்கிட்டேன். பேச்ச மாத்தாத."

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவன், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நின்று பார்த்தாள். தலையை ஆட்டினான், நெற்றியைத் தேய்த்தான், ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே வந்ததும், "யாரு?" என்றாள். "ஆபீஸ்" என்றான். அவன் ஆபீசில் யாரோடும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பேசி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. ஒரு பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை, இன்னொரு பக்கம் பூட்டிக்கிடக்கும் கிடங்கு. உள்ளிருந்து மெஷின் உறுமும் சத்தம் வந்தது. பிரித்துப் போட்ட மெஷினுக்கு நல்ல குரல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

முன்பக்கம் போகாமல் பக்கவாட்டில் கழுவும் தொட்டி இருக்கும் இடத்துக்குப் போனாள். தொட்டி காய்ந்து கிடந்தது. அடியில் சருகும் ஒரு செத்த பல்லியும். தண்ணீர் பட்டு எத்தனை நாளாயிற்றோ. மூடிகளை நிறம் பிரிக்கும் நீள மேசையில் சுற்றுக் காகிதமும் ஒட்டும் நாடாவும் கிடந்தன. அங்கே உட்கார்ந்து மூடி பிரிக்கிற இரண்டு பெண்களும் இப்போது பலகை ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி எழுந்து, "அக்கா..." என்று உள்பக்கமாகக் குரல் கொடுக்கப் போனாள். சுரண்டி உதட்டில் விரலை வைத்துவிட்டு நேராக உள்ளே நடந்தாள்.

நாத்தனார் முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்தில் வாய் பிரித்த மூட்டை. அதிலிருந்து மணி மணியாக, சவ்வரிசி போலப் பளபளக்கும் புதுப் பிளாஸ்டிக் குருணையை அள்ளித் தட்டில் பரப்பினாள். அப்புறம் ஓரத்திலிருந்த டப்பாக்களைத் திறந்து நீலச் சில்லு ஒரு பிடி, மஞ்சள் ஒரு பிடி, சிவப்பு ஒரு பிடி என்று எடுத்து, விதை தூவுவது போல இடம் பார்த்துத் தூவினாள். ஓரிடத்தில் இரண்டு சிவப்பு ஒன்றாக விழுந்துவிட, அதில் ஒன்றை விரல் நுனியால் எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அக்கா."

நாத்தனார் துள்ளித் திரும்பினாள். கையிலிருந்த சில்லு தரையில் கொட்டியது. முதலில் பேசியது நாத்தனார்தான்.

"வந்துட்ட. வருவேன்னு தெரியும். அவன்கிட்ட நேத்தே சொன்னேன், உன் பொண்டாட்டி சும்மா இருக்க மாட்டான்னு."

ஆக, பால்கனி போன் அக்காவுடையதுதான். சுரண்டிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"குழந்தைங்க கொண்டுவந்த மூடியெல்லாம் எங்க அக்கா? வித்துட்டீங்களா?"

"என்னது? வித்துட்டேனா?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "வா இங்க. வந்து உன் கண்ணால பாரு."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனாள். தார்ப்பாயை விலக்கினாள். நூலகத்திலிருந்து வந்த சாக்குகள் அப்படியே அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் மேலும் பிள்ளைகள் கிறுக்கிய பூவும் மீனும் சூரியனும். ஒன்றைக்கூட அவள் அவிழ்க்கவில்லை.

"விக்கவும் மனசு வரல, தூக்கிப்போடவும் மனசு வரல. உங்க வேலை முடிஞ்சதும் எப்படியாவது இதையும் ஓட்டி எதையாவது செஞ்சு அந்தப் புள்ளைங்களுக்குக் கொடுத்துடலாம்னு இருந்தேன்."

"அப்ப ஏன்..."

"இதையும் பாரு."

சாக்குகளுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த பலகைகள் இருந்தன. ஒன்று பாசி பிடித்த பச்சை. ஒன்று கருநீலத்தில் சிவப்புக் கோடுகள் ஓடியது. ஒன்று எந்த நிறம் என்றே சொல்ல முடியாத சேற்று நிறம். ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத பலகைகள். ஓரத்தில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"எல்லாம் உன் கண்ணுல படறதுக்கு முன்னாடியே உங்க முதலாளி திருப்பி அனுப்பினது. ஒரு தடவை இல்ல. அனுப்ப அனுப்பத் திரும்பி வந்துச்சு. ஜனங்க குடிக்கற பாட்டில்ல பச்ச மூடியும் நீல மூடியும்தான் ஜாஸ்தி. வெள்ள எங்கயாவது ஒண்ணு ரெண்டு வரும். நான் வெள்ளைக்கு எங்க போவேன்? உங்க முதலாளி போன் பண்ணி, சாம்பிள் எப்படி இருந்துச்சோ அதே மாதிரி வேணும், எப்படியாவது பண்ணிக் கொடுங்கன்னார். எப்படியாவதுன்னா? இப்படித்தான்."

சாம்பிள். சுரண்டிக்குக் காது சூடாயிற்று. அந்த உள்ளங்கை அகலத் துண்டைச் செய்தது அவள்தான். முதல் முதலாக வந்த சாக்கைத் தரையில் கொட்டி, அதிலிருந்த வெள்ளை மூடிகளை எல்லாம் பொறுக்கி, அழகான நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தது. அதைப் பார்த்துத்தான் நூலகர் அம்மா கைதட்டினார், முதலாளி மயங்கினார். ஒரு சாக்கின் அழகை எல்லாம் ஒரே துண்டில் திரட்டிவிட்டால், மற்ற பலகைகளுக்கு என்ன மிஞ்சும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவே இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல அக்கா?"

"உன்கிட்டயா? உன்கிட்ட சொன்னா நீ என்னை விசாரிப்ப, உதவி பண்ண மாட்டியே. உன்னைப் பாத்தாலே எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. இந்த வேலையும் போச்சுன்னா இந்தப் பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பணும். உன் புருஷன்கிட்ட மட்டும் சொன்னேன். அவன், நேரம் பாத்து நானே சொல்றேன்னான். அவனுக்கு எப்பதான் நேரம் வந்திருக்கு?"

சுரண்டி சேற்று நிறப் பலகையை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். அறுத்த விளிம்பில் அரைபடாத மூடித் துண்டு ஒன்று நசுங்கிக் கிடந்தது. அசிங்கம்தான். ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. அப்படியும் அவளால் உடனே ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. "இதையெல்லாம் எனக்கு அனுப்பி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாத்தனார் வழியனுப்ப வரவில்லை.

முதலாளியிடம் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படியாவதுன்னு சொன்னேன். எப்படின்னு நான் கேக்கல."

"கேக்காம இருந்ததுதான் சார் பிரச்சினை."

"சரிம்மா, இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க? வேலை பாதி முடிஞ்சாச்சு. திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. பாக்க அதே மாதிரிதானே இருக்கு. புள்ளைங்க என்ன, உங்கள மாதிரி சுரண்டியா பாக்கப்போறாங்க?"

"அவங்க மூடிய தேடுவாங்க சார். நாமதான் தேடச் சொன்னோம்."

"அடுத்த வேலைல நெசமாவே செஞ்சிடலாம்." அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த மனுஷன் இதற்கு முன் எத்தனை தடவை அடுத்த வேலை என்று சொல்லியிருப்பார்?

வீட்டில் அன்று பெரிய சண்டை. கணவன் ஒளிக்காமல் சொன்னான். "தெரியும். சொல்லலாம்னுதான் இருந்தேன். அவ அழுதா. நீ ஒண்ணு, அவ ஒண்ணு, நான் யாரு பக்கம் நிக்கறது? லைப்ரரில போய்ச் சொல்லி எங்க அக்காவை நடுத்தெருவுல நிறுத்திடாத."

"பொய்யான ஷீட்ட நான் சொல்லாம வெச்சாலும் ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பாங்க. அன்னிக்குத்தான் அக்கா நடுத்தெருவுல நிப்பாங்க. என்னோட சேந்து."

அவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

திருப்பி அனுப்பிய பலகைகள் வண்டியில் வந்து இறங்கின. அவற்றைத் தரையில் பரப்பிவிட்டுச் சுரண்டி அவற்றின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவு நாளும் தனக்கு வேண்டிய மேசையை முதலில் வரைந்துவிட்டு, அதற்கு ஏற்ற பலகையைத் தேடினாள். இப்போது பலகை இதுதான், இதற்கு ஏற்ற மேசை எது என்று யோசிக்க வேண்டியிருந்தது. பெரிய மேசைக்கு ஒரே மாதிரி நாலு பலகை வேண்டும் என்பதால்தானே தகராறு? மேசையைச் சின்னதாக்கினால்? ஒரு மேசை ஒரே பலகையில் முடிந்துவிட்டால் பக்கத்து மேசையோடு அது ஒத்துப்போகவே வேண்டாமே. முக்காலிக்கு உட்காரும் தட்டு ஒரு நிறம், கால் மூன்றும் மூன்று நிறம் என்று வைத்தால், நிறம் மாறுவது குறையாகவே தெரியாது. பசை வேண்டாம், எல்லாம் திருகாணியில் நிற்கட்டும். உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றித் திரும்ப உருக்கலாம். பழைய வரைபடத்தில் மேலே பூசச் சொல்லியிருந்த பளபளப்பு மெழுகையும் கோடு போட்டு நீக்கிவிட்டாள். பூச்சு ஏறின பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கினால் கெட்டுப்போகும். அதைக்கூட முதலில் எழுதியது தன் கைதான் என்பதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இருந்ததிலேயே மோசமான சேற்றுப் பலகையில் ஒரு முக்காலி செய்தாள். அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். முதலாளியும் கூட வந்தார். வராமல் இருந்தால் அவள் என்ன சொல்வாளோ என்ற பயம்தான் அவரைக் கூட்டி வந்தது.

நூலகர் அம்மா ஒல்லியான, கண்டிப்பான பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் முக்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க நாத்தனார் ஏமாத்தினாங்க, உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"சொந்தக்காரங்க. நீங்கதான் வேலை வாங்கிக் கொடுத்தீங்க. உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க முதலாளிக்கு அரைகுறையா தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டும் தெரியாது." அவர் முக்காலியைக் கீழே வைத்தார். "மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் முந்திக்கிட்டு வந்து சொல்றீங்கன்னு நான் ஏன் நெனைக்கக் கூடாது? இந்த முக்காலிய மட்டும் நான் ஏன் நம்பணும்?"

சுரண்டி முக்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக எத்தனை வியாபாரிகளை இப்படி எதிரே உட்காரவைத்து இதே பார்வை பார்த்திருப்பாள்! உண்மை பேசுகிறவனுக்கும் அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"நம்ப வேண்டாம் மேடம்," என்றாள் கடைசியில். "பட்டறைக்கு வந்து பாருங்க."

நூலகர் அம்மா உண்மையாகவே வந்தார். காலையில் வந்து, நாற்காலி போடச் சொல்லி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாக்கை அவர் கண் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும் என்றார். கழுவும் தண்ணீரை எட்டிப் பார்த்தார். அரைத்த தூள் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று எழுந்து போய்ச் சரிபார்த்தார். நாத்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. சுரண்டியிடம் பேசாமல், காற்றைப் பார்த்துப் பேசினாள். "ஒருத்தி பத்தாதுன்னு இப்ப ரெண்டு பேரு."

முதல் பலகைக்காக மெஷினைத் திறந்தபோது புகை வந்தது. சூடு அதிகமாகி எல்லா நிறமும் குழைந்து, கருகின பால் நிறத்தில் ஒரு பலகை வெளியே வந்தது. நூலகர் அம்மா புருவத்தை உயர்த்தினார். நாத்தனார் அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். சுரண்டி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அரைக்காம போட்டா என்ன? முழு மூடியா. சூட்டையும் கொறச்சு."

"முழுசா போட்டா நடுவுல காத்து நிக்கும். உடையும்."

"பாதி முழுசு, பாதி அரைச்சது?"

நாத்தனார் அவளை முறைத்தாள். அப்புறம் தட்டைப் பார்த்தாள். தொழில்காரியின் கண் அது, கோபத்தை மறந்துவிட்டது. "கீழ முழுசு. மேல தூள். தூள் உருகி இடுக்குல எறங்கும்." அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டாள். நாலு பேருமாகச் சேர்ந்து கையால் பரப்பினார்கள். ஆறவைத்துத் திருப்பியபோது பச்சையும் நீலமுமாக மூடிகள் நசுங்கிய வட்டங்களாக, ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு தெரிந்தன. ஒரு மூடியில் அச்சிட்ட எழுத்துப் பாதி அழியாமல் இருந்தது.

நூலகர் அம்மா எழுந்து வந்து, குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவினார். "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் நாற்காலியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

குழந்தைகள் பகுதி சொன்ன நாளில் திறக்கவில்லை. தள்ளிப்போனதற்காக முதலாளி பலரிடம் பேச்சு வாங்கினார். அந்தக் கோபத்தைச் சுரண்டிமேல் வெகுநாள் காட்டினார். அடுத்து வந்த பெரிய வேலையை அவளிடம் தரவில்லை. புதுக் குருணையில் செய்த வெள்ளைப் பலகைகளை என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது, தூக்கிப் போட்டால் அது இன்னொரு பாவம் என்றாள் சுரண்டி. நூலகத்தின் கிடங்கு அறைக்கு அலமாரியாக்கினார்கள். இது மூடியில் செய்ததில்லை என்று நூலகர் அம்மா கேட்டவர்களிடம் எல்லாம் பளிச்சென்று சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

திறந்த அன்று பிள்ளைகள் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு மூடி தேடினார்கள். ஒரு சின்னப் பெண், "என் ஆரஞ்சு மூடி எங்க?" என்று நாத்தனாரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "தெரியலையே கண்ணு, நானும் தேடறேன்" என்று அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுரண்டியின் கணவன் மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் முதலில் போவது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகும் நாத்தனார் அவளோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொல்வாள், பதில் அவன் வழியாகவே போகும். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டுகூட, "உன் பொண்டாட்டிக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பாள். சுரண்டியும், "வேணும்னு சொல்லு" என்பாள். அவன் தலையெழுத்து.

மழை விட்டிருந்த ஒரு காலையில் சுரண்டியின் போன் நேராக அடித்தது. நாத்தனார்.

"ஒரு ஸ்கூல்லேருந்து புதுசா மூட்டை வந்திருக்கு. எல்லாம் ஷாம்பு பாட்டில்ங்கறாங்க. எனக்கென்னவோ வேற எதுவோ கலந்திருக்குன்னு தோணுது. தண்ணியில போட்டா பாதி முழுகுது."

"முழுகுதா? அந்தப் பிளாஸ்டிக் மிதக்கணுமே. அப்ப ஷாம்பு பாட்டில் மட்டும் இல்ல அக்கா."

"அதான் சொல்றேன். அவங்க சத்தியம் பண்றாங்க. நீ நம்புவியா?"

"மாட்டேன்."

"தெரியும். அதான் உனக்குப் போன் பண்ணேன். சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வந்து என் மூட்டைய கடிச்சுப் பாக்காத."

சுரண்டி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.